துராந்தாவா, வெட்சியா: மதிலோரத் தாழ்வேலிக்கு எதை நடுவது?

வெள்ளவத்தைவாசி: "கொழும்பில் தாழ்வேலிக்குப் பொன்னிற இலைத் துராந்தாவை விட்டால் வேறு செடி இல்லை" என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதன் மஞ்சள் பழம் நஞ்சு என்பதை எழுத மறந்துவிட்டார் போலும். பிள்ளைகள் ஓடித் திரியும் ஆறு பேர்ச் வளவில் அதையா நடுவது? வெட்சி நடுங்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த மண். நாற்றுமேடையில் எக்சோரா என்று கேட்டால் தருவார்கள்.

தெகிவளைத் தோட்டம்: தீர்ப்பு எழுதியவன் நான்தான், ஐயா. ஒழுங்காகக் கத்தரிக்கிற வேலியில் பழம் எங்கிருந்து வரும்? பூப்பது புதுத் தளிரில். தளிரை வெட்டினால் பூ இல்லை, பழமும் இல்லை.

வெள்ளவத்தைவாசி: ஊரில் கல்யாணம், திருவிழா என்று இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால்? பழம் நஞ்சு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தெகிவளைத் தோட்டம்: சொல்லிவிட்டேன். வெட்சியையும் அப்படியே வெட்டிப் பாருங்கள், பூவே மிஞ்சாது. பூவுக்கென்று நட்டுவிட்டு மொட்டை வெட்டி எறிவது என்ன தோட்டக்கலையோ!

கொட்டாஞ்சேனை அக்கா: மதிலோரம் வெட்சி நட்டு எங்கள் வீட்டில் இலையெல்லாம் வெளுத்துப்போனது. அதற்குப் புளிப்பு மண் வேண்டும். சீமெந்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வேருக்கு இரும்புச்சத்து கிடைக்காது.

வெள்ளவத்தைவாசி: இலை வெளுத்து எவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை, அக்கா. கூட்டுப்பசளை போடுங்கள். துராந்தா மட்டும் என்ன? இங்கே அடுக்குமாடி நிழலில் அந்தப் பொன்னிறம் பச்சையாகிவிடும். மிஞ்சுவது நஞ்சுதான். வெட்சியோ நம் முன்னோர் போருக்குச் சூடிப்போன பூ.

தெகிவளைத் தோட்டம்: போருக்கா? மாடு கவரப் போனபோது சூடியது. இலக்கியத்தையும் அரைகுறையாகவே படித்திருக்கிறீர்கள்.

வடமராட்சியான்: இரண்டு பேரும் நாற்றுமேடைக்காரனுக்குக் காசு கொட்டுகிறீர்கள். ஊரில் கிளுவைக் கதியாலை வெட்டி ஊன்றினால் வேலி. ஆடாதோடை நட்டால் ஆடும் வாய் வைக்காது.

வெள்ளவத்தைவாசி: தம்பி, காலி வீதியில் எந்த ஆட்டைக் கண்டீர்கள்? ஊர்ப் பெருமையை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சியான்: நீங்கள் மட்டும் வெள்ளவத்தைக் கடலிலிருந்து முளைத்தவரா?

கொட்டாஞ்சேனை அக்கா: எதை நட்டாலும் அடியைத் துப்புரவாக வைத்திருங்கள். மதிலுக்கு மேலால் எறிகிற யோகட் கோப்பையில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். கோப்பை பக்கத்து வீட்டாருடையது, தண்டம் நமக்கு.

வெள்ளவத்தைவாசி: நுளம்பைப் பிறகு பார்க்கலாம். பழம் நஞ்சா இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

தெகிவளைத் தோட்டம்: நஞ்சுதான். வெட்டுகிற வேலியில் அது வராது என்கிறேன். எத்தனை முறை எழுதுவது?

வெள்ளவத்தைவாசி: நஞ்சு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு உப்பு மோர் ஊற்றச் சொன்னவரும் இவர்தான். என் மரம் பட்டுப்போனது.

தெகிவளைத் தோட்டம்: புளித்த மோர் என்றுதான் எழுதினேன். உப்புப் போட்டது உங்கள் கை.

வெள்ளவத்தைவாசி: பழையதைத் தேடி எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

வடமராட்சியான்: கிளுவைக்கு மோரும் வேண்டாம், பசளையும் வேண்டாம்.