செயின் கன்வேயரில் இத்தனை வகையா? பேலட்டுக்கு எது, சூடான சாம்பலுக்கு எது?

பட்டறைவாசி:

வணக்கம். ஆலையில் இரண்டு இடத்தில் புதிதாகக் கன்வேயர் போட வேண்டும். முதலாவது, பொதி கட்டும் இடத்திலிருந்து லாரி ஏற்றும் இடம் வரை, 1 டன் எடை வரும் மரப் பேலட்களுக்கு (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டுகள்). நடுவில் ஓரிடத்தில் நேர்கோணத்தில் திரும்ப வேண்டும். இரண்டாவது, கொதிகலனுக்கு அடியில் விழும் சாம்பலை வெளியே கொண்டுவர. நல்ல சூடு, தூளும் கட்டியும் கலந்து வரும். இரண்டுக்குமே செயின் கன்வேயர்தான் சரி என்கிறார்கள். ஆனால் விலைப்புள்ளி கேட்டால் ஒருவர் ரோலர் வரிசைப் படம் அனுப்புகிறார், இன்னொருவர் படத்தில் இரண்டு செயின் மட்டும் இணையாக ஓடுகிறது, மூன்றாமவர் ஒரு மூடிய பெட்டியைக் காட்டுகிறார். எல்லாவற்றின் மேலும் செயின் கன்வேயர் என்றே எழுதியிருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுவது? கேட்லாக் பெயர்கள் வேண்டாம், எது எங்கே, ஏன் என்று யாராவது பிரித்துச் சொன்னால் போதும்.

பல்சக்கரம்:

சார், மூன்று பேரும் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். செயின் சரக்கை என்ன செய்கிறது என்று பாருங்கள், வகை தானாகப் பிரிந்துவிடும். சிலவற்றில் செயினே சரக்கைச் சுமக்கிறது, அல்லது செயினில் பூட்டிய பலகையும் தட்டும் சுமக்கின்றன. சிலவற்றில் சரக்கு தொட்டியின் தரையில் கிடக்க, செயின் அதை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னும் சிலவற்றில் செயின் சரக்கைத் தொடுவதே இல்லை, ரோலர்களைச் சுழற்றுவதோடு சரி. மேலே தண்டவாளத்தில் ஓடி, உதிரிபாகங்களைத் தொங்கவிட்டு பெயிண்ட் பூசும் அறைக்குள் கொண்டுபோவது தனி ரகம், அது உங்களுக்கு வேண்டாம்.

பேலட்டுக்கு வருவோம். முதலில் போய் உங்கள் பேலட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? பேலட் அந்தப் பலகைகளின் நீளவாக்கில் நகரப் போகிறது என்றால், செயினால் சுழலும் ரோலர் கன்வேயர்தான் பொருத்தம், ஏனென்றால் ஒவ்வொரு பலகையும் ஒரே நேரத்தில் பல ரோலர் மேல் உட்கார்ந்திருக்கும். பலகைகளுக்குக் குறுக்காக நகர வேண்டும் என்றால் ரோலரில் விட்டால் பலகை ரோலர் இடைவெளியில் இறங்கித் தடதடக்கும், சில நேரம் மாட்டிக்கொள்ளும். அங்கே இரண்டு அல்லது மூன்று செயின் இணையாக ஓடும் வகை வேண்டும். நீங்கள் நேர்கோணத்தில் திரும்புவது என்றீர்களே, பேலட்டைச் சுழற்றாமல் திரும்பினால் அதன் திசை பலகைகளைப் பொறுத்து மாறிவிடுகிறது. அதனால் ஒரு பாதை ரோலர், மறு பாதை செயின், சந்திப்பில் ரோலர்களுக்கு இடையிலிருந்து செயின் மேலெழுந்து பேலட்டைத் தூக்கிக்கொள்ளும் அமைப்பு. உங்களுக்கு வந்த முதல் இரண்டு படங்களும் சேர்ந்தே தேவைப்படலாம்.

ரோலர் வகையில் ஒரு விஷயம்: ஒவ்வொரு ரோலருக்கும் இரண்டு ஸ்புராக்கெட் (செயின் மாட்டி ஓடும் பற்சக்கரம்) வைத்து அடுத்த ரோலருக்குச் சின்னச் செயின் போட்டு இணைப்பார்கள். மோட்டார் ஒரு முனையில் இருந்தால் அதை ஒட்டிய முதல் செயின் பின்னால் உள்ள எல்லா ரோலரின் சுமையையும் இழுக்க வேண்டும். நீளம் அதிகமானால் மோட்டாரை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், சுமை இரண்டு பக்கமும் பாதியாகப் பிரியும்.

கரித்தூள்:

சாம்பல் பற்றி நான் சொல்கிறேன், பல வருடமாக அந்தப் பக்கம்தான் வேலை. சாதாரண ரப்பர் பெல்ட் இந்தச் சூட்டுக்கு நிற்காது, அதனால்தான் செயின். ஆனால் இழுக்கும் செயினிலேயே இரண்டு விதம் உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூடிய பெட்டிக்குள் சட்டம்போல் மெல்லிய குறுக்குக் கம்பிகளோடு ஓடுவது ஒன்று. தானியம், சிமெண்ட், உலர்ந்த சாம்பல் தூள் போன்றவற்றுக்கு அருமையானது. அந்தக் கம்பி தூளில் கொஞ்சத்தைத்தான் நேராகத் தள்ளுகிறது, ஆனால் தூள் துகள்களுக்குள் இருக்கும் உராய்வு பெட்டிச் சுவரோடு இருக்கும் உராய்வைவிட அதிகம் என்பதால், மேலே கிடக்கும் தூளும் சேர்ந்து ஒரே பாளமாக நகர்கிறது. பெட்டியைப் பெரும்பாலும் நிரப்பியே ஓட்டலாம், தூசியும் வெளியே வராது. ஆனால் கட்டி வந்தால் இது திணறும். கம்பிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கெட்டியான துண்டு மாட்டினால் செயின் தூக்கிக்கொள்ளும். ஒட்டும் சரக்கும் ஆகாது, கம்பிகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு செயினோடே திரும்பி வந்துவிடும்.

உங்களுக்கு வருவது தூளும் கட்டியும் என்றால் இரண்டாவது விதம்: அகலமான கனத்த வாரிகளோடு (சரக்கை வாரித் தள்ளும் குறுக்குச் சட்டங்கள்) ஓடும் ஸ்கிரேப்பர். கொதிகலன் அடிச் சாம்பலுக்கு இதைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே ஓட்டுவார்கள். சாம்பல் நேராகத் தண்ணீரில் விழுந்து அணைகிறது, பெரிய கட்டிகள் திடீர் குளிர்ச்சியில் வெடித்து உடைகின்றன, கொதிகலனின் அடிச்சட்டம் தண்ணீருக்குள் முங்கியிருப்பதால் வெளிக்காற்று உலைக்குள் நுழைவதும் தடுக்கப்படுகிறது. பிறகு சாய்வில் ஏறும்போது தண்ணீர் வடிந்து கீழே இறங்கிவிடும். ஈரமும் உரசலும் சேர்ந்த இடம் என்பதால் பின் (லிங்க்குகளை இணைக்கும் ஊசி), புஷ் (அந்த ஊசியைச் சுற்றியிருக்கும் குழல்) வைத்த செயினை விடக் கடினப்படுத்திய வட்ட வளையச் செயினை நான் விரும்புவேன். வேகத்தைக் குறைவாக வையுங்கள். தேவையான அளவு சாம்பல் வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், தொட்டியை அகலமாக்குங்கள். வேகம் கூடினால் தேய்மானம் அதைவிட வேகமாகக் கூடும்.

பட்டறைவாசி:

மிக்க நன்றி, இப்போதுதான் படங்கள் அர்த்தமாகின்றன. பேலட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடிப்பலகைகள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. அப்புறம் இன்னொன்று: லாரி வராத நேரத்தில் பேலட்கள் வரிசையில் காத்து நிற்கும். செயின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பல்சக்கரம்:

1 டன் பேலட்டைச் செயின் மேல் வழுக்க விடவே கூடாது, பலகையும் போகும் செயினும் போகும். கன்வேயரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மோட்டார், சென்சார் வைத்து, முன்னால் இடம் காலியானால் மட்டும் அடுத்தது நகரும்படி செய்யுங்கள். அசெம்பிளி லைனில் இலேசான தட்டுகளை நிறுத்தி வைக்க ஒரு செயின் உண்டு: சின்ன ரோலரும் பெரிய ரோலரும் ஒன்றாகச் சுழலும், சின்னது தண்டவாளத்தில் உருளும், பெரியது தட்டைச் சுமக்கும். பெரிய ரோலர் சின்னதைப் போல் ஒன்றரை மடங்கு விட்டம் என்றால் தட்டு செயினைவிட 2.5 மடங்கு வேகத்தில் போகும், தடுத்து நிறுத்தினால் ரோலர் அடியில் சும்மா சுற்றும். அழகான அமைப்பு, ஆனால் உங்கள் எடைக்கு அல்ல.

எண்ணெய்க்கிண்ணம்:

பராமரிப்புக் கேள்விக்கு நான். செயின் நீள்கிறது என்று சொன்னாலும் தகடு இழுபடுவதில்லை, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு பிட்ச்சும் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம்) கொஞ்சம் கூடுகிறது. 100 மி.மீ. பிட்ச் செயினில் 20 லிங்க்கை இறுக்கி அளந்தால் புதிதில் 2000 மி.மீ. இருக்கும். அது 2060-க்கு வந்துவிட்டால், அதாவது 3 சதவீதம், மாற்ற வேண்டிய நேரம். இணையாக ஓடும் செயின்களில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதுசும் பழசும் நீளம் ஒத்துப்போகாமல் பேலட் கோணலாகப் போகும். ஒரே நீளத்துக்கு ஜோடி சேர்த்து அடையாளம் போட்டுத் தரும்படி ஆர்டரிலேயே எழுதுங்கள். ஸ்புராக்கெட் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயினைத் தின்றுவிடும்.

செலவைக் குறைக்க 6 பல் ஸ்புராக்கெட் காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் செயின் வேகம் சுமார் 13 சதவீதம் ஏறி இறங்கும். அதையே 12 பல்லாக்கினால் சுமார் 3.4 சதவீதம்தான். அந்தக் குலுக்கல்தான் பேரிங்கையும் பின்னையும் சீக்கிரம் தின்கிறது.

சாம்பல் கன்வேயரில் செயின் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சாரை மோட்டார் பக்கம் வைக்காதீர்கள். செயின் அறுந்தாலும் மோட்டார் பக்க ஷாஃப்ட் (ஸ்புராக்கெட் பூட்டிய தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். வால் பக்க, அதாவது மறுமுனை ஷாஃப்ட்தான் நிற்கும், அங்கேதான் வைக்க வேண்டும்.

கரித்தூள்:

இதை நானே சொல்லியிருக்க வேண்டும், சரியாகச் சொன்னீர்கள். வால் பக்கம் தண்ணீருக்குள் இருந்தால் ஷாஃப்ட் முனையை தொட்டிச் சுவருக்கு வெளியே நீட்டி அங்கே சென்சாரைப் பொருத்தலாம். வரைபடம் ஒப்புதலாவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.