புதுப்பிப்பு: கடைசித் தொட்டிக்கும் தண்ணீர் வந்துவிட்டது

கிணற்றடி மேல்தொட்டியிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்குக் குழாய் இழுத்தும், மாட்டுத் தொட்டிகள் மூன்றில் கடைசியில் மட்டும் தண்ணீர் நூலாக வடிகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிய மோட்டார் தேவைப்படவில்லை. மோட்டார் மேல்தொட்டியை நிரப்புவதோடு சரி, அப்புறம் 5 மீட்டர் இறக்கத்தில் தண்ணீர் தானாக ஓடுகிறது. அழுத்தமே சுமார் அரை பார் (bar, அழுத்த அலகு) தான். "மேட்டில் காற்று அடைத்திருக்கும்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. இரண்டாம் தொட்டி தாண்டி ஒரு சின்ன மேடு. அதன் உச்சியில் குழாயை வெட்டி, T வடிவ இணைப்பு வைத்து, அடைத்த காற்றை வெளியே விடும் ஏர் வால்வு மாட்டினேன். புஸ்ஸென்று காற்று போனது. முன்பு 20 லிட்டர் வாளி நிறைய 9 நிமிடம். இப்போது ஒரே நிமிடம்.

ஒன்று கவனியுங்கள்: மேடு மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வால்வு காற்றை உள்ளே இழுத்துவிடும்.

எதிர்பாராதது என்றால், தண்ணீர் வந்த மூன்றாம் நாளே ஒரு மாடு, தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வை முட்டி உடைத்தது. விடிவதற்குள் மேல்தொட்டி காலி, சுற்றிலும் சேறு. இப்போது மிதவைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டிருக்கிறேன்.