கேட் (கணினி வரைகலை) மென்பொருளில் ஸ்கேல் மாடல் விமான உடல் வரைதல்: அனுபவப் பகிர்வு

பதிவு 1

அசல் விமானத்தின் முப்பக்க வரைபடத்தை (மேல், பக்க, முன் தோற்றங்கள்) ஸ்கேன் செய்து திரையில் ஏற்றியதுமே கோடு இழுக்கத் தொடங்காதீர்கள். பலமுறை நகலெடுத்த தாள் நீளவாக்கில் ஓர் அளவும் குறுக்குவாக்கில் வேறு அளவுமாக இழுபட்டிருக்கும். பி-51டி மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அசல் நீளம் 9.83 மீட்டர், இறக்கை விரிவு 11.28 மீட்டர். 1/6 அளவில் 1638, 1880 மி.மீ. ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) மென்பொருளில் கேன்வாஸை, அதாவது பின்னணியில் ஏற்றிய படத்தை, நீளத்துக்கு மட்டும் அளவு பொருத்தினால் (காலிப்ரேட்) உயரத்தில் உள்ள பிழை அப்படியே தங்கிவிடும். பக்கவாட்டுத் தோற்றத்தில் சக்கரத்தின் மேல் ஒரு முழு வட்டம் போட்டுப் பாருங்கள். சக்கரம் அதில் பொருந்தாமல் முட்டை வடிவில் நின்றால், படத்தைப் பட மென்பொருளில் சரிசெய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

கோட்டின் தடிமனையும் கவனியுங்கள். 1/72 வரைபடத்தில் 0.25 மி.மீ. கோடு என்பது அசல் விமானத்தில் 18 மி.மீ., 1/6 மாடலில் 3 மி.மீ. கோட்டின் வெளி விளிம்பா, உள் விளிம்பா, நடுவா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

பதிவு 2

அடுத்து லாஃப்ட், அதாவது குறுக்கு வெட்டுமுகங்களை இணைத்துப் பரப்பை உருவாக்குவது. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். வெட்டுமுகம் கூடக்கூடத் துல்லியம் கூடும் என்று 20 ஸ்டேஷன்களை (வெட்டுமுகம் எடுக்கும் இடங்களை) போட்டு லாஃப்ட் செய்தால் உடல் முழுக்க அலை அலையாக வரும். ஒவ்வொரு வெட்டிலும் உள்ள அரை மி.மீ. பிழையையும் மென்பொருள் நம்பி அதன் வழியாகவே பரப்பை இழுக்கும். முதலில் நீளவாக்குக் கோடுகளை வரையுங்கள்: மேல் விளிம்பு, அடி விளிம்பு, மேலிருந்து பார்க்கும்போது தெரியும் அதிகபட்ச அகலக் கோடு. வளைவின் அளவைச் சீப்புப் பற்கள்போல் காட்டும் வளைவுச் சீப்பைப் போட்டு இவை மூன்றும் மேடுபள்ளமின்றி ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதன்பின் 6 முதல் 8 வெட்டுமுகங்கள் போதும், நீளக்கோடுகளே வழிகாட்டியாக இருக்கும்.

வெட்டுமுகத்தைப் பல புள்ளி ஸ்ப்லைனால் (புள்ளிகள் வழியே ஓடும் வளைவால்) வரைவதைவிடக் கோனிக் (கூம்புவெட்டு) வளைவால் வரைவது மேல். மஸ்டாங்கை வடிவமைத்த நார்த் அமெரிக்கன் நிறுவனமே அங்கு பணியாற்றிய ராய் லைமிங்கின் கூம்புவெட்டு வளைவுக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. வளைவு எவ்வளவு புடைக்கும் என்பதைக் குறிக்கும் ரோ மதிப்பு 0.414 என்றால் கால் நீள்வட்டம். 0.5-க்கு ஏற்றினால் பரவளைவு, தோள் இன்னும் புடைக்கும். ஒரே ஓர் எண்ணைத் திருத்தி வடிவத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிடலாம்.

பாதி உடலை வரைந்து பிரதிபலிக்கும்போது, வளைவு நடுத்தளத்தைச் செங்கோணத்தில் தொட வேண்டும். தொடாவிட்டால் முதுகில் கத்தி விளிம்புபோல் ஒரு வரி விழும். எல்லா வெட்டுகளிலும் புள்ளி எண்ணிக்கை சமமாகவும் தொடக்கப் புள்ளி மேல் நடுவிலும் இருக்கட்டும், இல்லையேல் பரப்பு முறுக்கிக்கொள்ளும்.

பதிவு 3

பரப்பு சரியாக வந்ததும் ஃபார்மர் (உடலுக்கு உருவம் தரும் குறுக்குச் சட்டம்) வெட்டலாம். அதன் மேல் 2.4 மி.மீ. பால்சா (எடை குறைந்த மரம்) பலகை போர்த்துவதென்றால், ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் 2.4 மி.மீ. உள்ளே நகர்த்தினால் போதும்.

பதிவு 4

மேலே உள்ளதில் ஒரு திருத்தம். நடு உடலில் அது சரி, மூக்கிலும் வாலிலும் சரிவராது. பரப்பு 30 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில் பலகையின் தடிமன் ஃபார்மர் தளத்தில் 2.77 மி.மீ. ஆகிறது. ஆகவே வெட்டுக்கோட்டை நகர்த்தாமல் பரப்பையே உள்நோக்கி ஆஃப்செட் செய்து, அதன் பிறகு ஸ்டேஷன் தளங்களால் வெட்டுங்கள். முழு உடலையும் சதவீதத்தில் சிறிதாக்கும் வழி வேண்டவே வேண்டாம், எங்குமே சீரான தடிமன் வராது.

ஃபார்மருக்கும் தடிமன் உண்டு. 3 மி.மீ. லைட்பிளையில் (எடை குறைந்த ஒட்டுப்பலகை) 15 டிகிரி சாய்வென்றால் இரு முகங்களுக்கும் 0.8 மி.மீ. வித்தியாசம். பெரிய முகத்தின் அளவில் வெட்டி, ஒட்டியபின் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். சிறிய முகத்தின் அளவில் வெட்டினால் பலகைக்கு அடியில் இடைவெளி விழும், பசையால் அதை நிரப்பினால் எடைதான் கூடும்.

பதிவு 5

லேசர் வெட்டுக்கு அனுப்புமுன் ஒட்டுப்பலகையை வெர்னியரால் அளந்து, வந்த எண்ணையே துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகும் பள்ளத்தின் அகலமாகக் கொடுங்கள். 3 மி.மீ. என்று விற்கும் பலகை எல்லா இடத்திலும் 3 இருப்பதில்லை. லேசர் தின்னும் அகலத்தை ஒரு சிறு துண்டில் வெட்டிப் பார்த்துப் பள்ளத்தின் அகலத்திலிருந்து கழியுங்கள். லேசருக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பில் அங்குலமும் மி.மீ.யும் மாறிவிட்டால் 25.4 மடங்கு வேறுபடும். அதனால் ஓரமாக 100 மி.மீ. கோடு ஒன்றை வைத்து அனுப்புவது நல்ல பழக்கம்.

பதிவு 6

உடலை முப்பரிமாண அச்சில் எடுப்போருக்கு: 0.4 மி.மீ. பிஎல்ஏ (அச்சுப் பிளாஸ்டிக்) சுவர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிராம். பரப்பளவை மென்பொருளே சொல்லிவிடும், பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வால் பக்கம் மட்டுமாவது நுரைத்து எடை குறையும் எல்டபிள்யூ-பிஎல்ஏ போடுங்கள். குட்டை மூக்கு விமானங்களில் வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும், அடர்நிறம் பூசி வெயிலில் நிறுத்தினால் உடல் வளையும்.

பதிவு 7

ஃபயர்வாலை (மூக்கில் மோட்டார் பொருத்தும் சுவரை) பற்றி யாரும் சொல்லவில்லை. மோட்டாருக்கு 2 டிகிரி வலப்பக்கச் சாய்வு தந்தால், ஃபயர்வாலிலிருந்து 100 மி.மீ. முன்னே உள்ள ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பு) 3.5 மி.மீ. வலப்பக்கம் போய்விடும், கௌலிங்கோடு (மோட்டாரை மூடும் உறை) சேராது. மோட்டார் மவுண்டின் மையத்தை அதே 3.5 மி.மீ. இடப்பக்கம் தள்ளி வரையுங்கள். இடம், வலம் என்பது விமானியின் இருக்கையிலிருந்து பார்த்து. மாடலை முன்னிருந்து பார்த்துக் குறித்தால் 7 மி.மீ. தவறும்.