தகட்டுக்குப் பின்னால் இருந்த ஆண்டு

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய மேற்குப் பார்த்த கடைக் கட்டடத்தின் நெற்றியில், சுண்ணாம்புச் சாந்தில் புடைப்பாக வடித்த 1961 என்ற எண்ணும் அதன் இருபுறமும் இரண்டு மயில்களும் இருந்தன. மாடி வராந்தாவின் சிமெண்டு ஜாலி வழியாக விழும் பிற்பகல் வெயில், தரையில் கோலம் போட்டதுபோல் இருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கீழ்த்தளத்தை வாடகைக்குக் கேட்டவர், முகப்பை ஏசிபி எனப்படும் அலுமினியக் கலப்புத் தகட்டால் மூடித் தந்தால்தான் வருவதாகச் சொன்னார். சாரதா கல்லூரிச் சாலையிலும் ஐந்து ரோட்டிலும் புதிய கடைகள் பலவும் அப்படித்தானே இருக்கின்றன என்று எண்ணி நானும் சம்மதித்தேன்.

சுவரில் துளையிட்டு அலுமினியச் சட்டங்களைப் பொருத்தி, தகட்டின் பின்புறம் பள்ளம் கீறி மடித்து, திருகாணியால் முடுக்கி, இணைப்புகளில் சிலிக்கான் நிரப்பி, கடைசியில் மேலிருந்த பாதுகாப்புப் படலத்தை உரித்தார்கள். அன்று மாலை அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓராண்டுக்குள் ஒவ்வோர் இணைப்பிலிருந்தும் கறுப்புக் கோடுகள் வழியத் தொடங்கின. காரைச் சுவரில் படிகிற தூசு சுவரின் நிறத்தோடு கலந்துவிடும். பளபளக்கும் தகட்டிலோ அதே தூசு அழுக்காகவே நிற்கும். ஜாலிகள் அடைபட்டதால் மாடியில் பகலிலும் விளக்கெரிந்தது.

சென்ற ஐப்பசி மழையில் உட்சுவர் ஊறிப்போகவே, தகட்டைக் கழற்றச் சொன்னேன். வந்த தொழிலாளி வெட்டிய துண்டொன்றை என் கையில் கொடுத்து, “பாருங்க சார், மொத்தமே நாலு மில்லிமீட்டர்தான், ரெண்டு பக்கமும் மெல்லிசா அலுமினியம், நடுவுல பூரா பிளாஸ்டிக்” என்றார். 2017 ஜூனில் 72 பேரைப் பலிகொண்ட லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ, வெளிச்சுவர் வழியே அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம், நடுவில் பாலிஎத்திலீன் வைத்த இத்தகைய தகடுகள்தாம். எளிதில் தீப்பற்றாத கனிமக் கலவையை நடுவில் வைத்த தகடுகளும் கிடைக்கின்றன என்பதை வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமான காலத்தை என் அப்பா பார்த்திருக்கிறார். ஏற்காட்டுக்கு ஏறும்போது தெரியும் அந்த மலையின் செம்மையில் ஒரு துளிகூட எங்கள் முகப்பில் இருக்கவில்லை. எந்த ஊரிலும் காணக்கூடிய சாம்பல் நிறமே இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தகடு இறங்கியபோது, 6 பாதி உதிர்ந்திருந்தது. இடப்பக்க மயிலின் கழுத்தில் சட்டம் பொருத்திய துளை இருந்தது. வயதான கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பு குழைத்து எண்ணைச் சரியாக வடித்துவிட்டார். மயிலின் கழுத்தை மட்டும் அவரால் பழைய வளைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கடையின் பெயர்ப் பலகை இப்போது சன்ஷேடுக்குக் கீழே மூன்றடி உயரத்துக்குள் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவரும் காலி செய்யவில்லை.