இழை: "சென்டன்ஸ் ஃபிரேம்" – பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் நிற்கும் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி கணக்கு டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் 42 பேர். போன மாதம் பலகையில் அம்புக்குறிப் படம் போட்டேன். இடது வட்டத்தில் 1, 2, 3. அதில் 2 இலிருந்து மட்டும் இரண்டு அம்புகள். இடது பக்கத்து ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஒரே ஒரு அம்பு போனால்தான் அது சார்பு (ஃபங்ஷன்). "இது சார்பா?" என்றேன். "இல்ல டீச்சர்" என்று ஒரே குரல். "ஏன்?" என்றதும் வகுப்பு ஊமையாகிவிட்டது. வழக்கமாகக் கைதூக்கும் ஐந்தாறு பேர்கூட மேசையைப் பார்த்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அது ரெண்டு பக்கம் போகுது டீச்சர், அதான்" என்றாள்.

முழுக்கச் சரியான விடை. கணக்கு அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லும் தமிழ்தான் கைவசம் இல்லை. நம் பாடநூல் சொற்கள் அப்படி. வீச்சு என்றால் புத்தகத்தில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அவர்களுக்குப் பரோட்டா. மதிப்பகம் (அந்த இடது வட்டம்) என்றால் மார்க் போடும் இடமா என்று கேட்டான் ஒருவன். முகடு (அதிகத் தடவை வரும் எண்) மட்டும் பிழைத்தது: இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓட்டு வீட்டைக் காட்டி, "உச்சியில இருக்குமே, அதானே" என்று பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் அட்டைத் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். "இது சார்பு அல்ல, ஏனெனில் மதிப்பகத்தில் உள்ள ____ என்ற உறுப்புக்கு ____ நிழல் உருக்கள் உள்ளன." அம்பு போய்ச் சேரும் எண்தான் நிழல் உரு. கோடிட்ட இடத்தை நிரப்பி, எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். வாய் பழகியதும் அட்டையைக் கழற்றிவிடுவேன். இரண்டு வாரத்தில் அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரி மற்றவர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

இந்த அட்டைக்குத்தான் ஆங்கிலத்தில் சென்டன்ஸ் ஃபிரேம் என்று பெயர். தொடக்கத்தை மட்டும் கொடுத்தால் சென்டன்ஸ் ஸ்டெம். ஒரு பயிற்சி வகுப்பில் "வாக்கியச் சட்டகம்" என்று எழுதிப் போட்டார்கள். என் பிள்ளைகள் அதைச் "சட்டம்" என்று சுருக்கி, "எந்தச் சட்டத்துல டீச்சர் இது தப்பு?" என்று கேலி செய்கிறார்கள். வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. ராஜாஜி 1916 இல் சேலத்தில் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்த நாளிலிருந்து நாம் செய்துவரும் தவறு ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் சொல் செய்கிறோம், பொருளைப் பார்த்துச் செய்வதில்லை. ஃபிரேம் என்றதும் சட்டகம் வந்துவிட்டது. உங்கள் அட்டை செய்யும் வேலை என்ன? தாங்குகிறது, பிறகு விலகுகிறது. எனக்குச் "சாரம்" தோன்றுகிறது. பழைய வீடுகளுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டிப் பூசி முடித்ததும் பிரித்துவிடுகிறார்களே, அது.

சென்னை, கல்வியியல் ஆய்வு மாணவர்:

ஐயா, சாரம் என்பதை ஸ்கஃபோல்டிங் (கற்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுத்துப் பிறகு விலக்கிக்கொள்ளும் உதவி) என்ற பெரிய கருத்துக்கு விட்டுவைக்க வேண்டும். 1976 இல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து கற்பித்தலில் அது நிலைத்துவிட்டது. டீச்சரின் அட்டை அதில் ஒரு வகை மட்டுமே. தவிர, "பாடத்தின் சாரம்" என்றால் யாருக்கும் கம்பும் கயிறும் நினைவுக்கு வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1974 இல் நைரோபியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் ஹாலிடே என்ற மொழியியலாளர், கணக்குக்கென்று தனி மொழிவழக்கு உண்டு என்றார். வெறும் சொற்பட்டியல் அல்ல அது, பொருளை அடுக்கும் முறை. டீச்சரின் அனுபவம் அதுதான். "நிழல் உரு" என்ற சொல் தெரிந்தும் வாக்கியம் வராமல்தானே நின்றார்கள்.

ஆத்தங்குடி, கல் பட்டறைக்காரர்:

டீச்சர், படிச்சவங்க நடுவுல நானும் ஒண்ணு சொல்றேன். தரையில பதிக்கிற கல்லு செய்யற எங்க பட்டறையில கண்ணாடி மேல தகட்டு அச்சை வச்சு, அறை அறையாச் சாயம் ஊத்துவோம். ஊத்தினதும் அச்சைத் தூக்கிடுவோம். கோடு கலையாம நிக்கும். அப்புறம் மணலும் சிமெண்டும் தூவி, மேல கலவையை அமுக்கி, தண்ணித் தொட்டியில போட்டு ஊறவிட்டா கல்லு தயார். அச்சு இல்லாம ஊத்தினா சாயம் ஒண்ணோட ஒண்ணு ஓடிடும். அச்சைத் தூக்காம விட்டாலும் கல்லு இல்ல. உங்க அட்டையும் அதேதானே? "வாக்கிய அச்சு"ன்னு வச்சுடுங்க.

காரைக்குடி கணக்கு டீச்சர்:

அண்ணே, படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் விதி பாருங்கள், என் வகுப்பில் அச்சுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு. வரைபடப் பாடத்தன்று "அச்சைப் பார்த்துச் சொல்லு" என்றால் பிள்ளை சுவரைப் பார்ப்பானா, தாளைப் பார்ப்பானா?

டொரோண்டோ, முன்பு யாழ்ப்பாணத்தில் ஆசிரியை:

தங்கச்சி, எங்கட பாடநூலிலும் அச்சு அதுதான், அது வேண்டாம். ஏற்கெனவே நீங்கள் அணி (மேட்ரிக்ஸ்) என்பதை நாங்கள் தாயம் என்கிறோம். உங்கட சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் எங்களுக்கு இடை, இடையம், ஆகாரம். கடலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை அந்தப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்தால் முழிக்கும். புதுச் சொல்லாவது இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சாரத்தை மீட்டுக்கொள்கிறேன். இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது தோன்றியது. சேக்கிழாருக்கு இறைவன் "உலகெலாம்" என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். முழுப் பாட்டையும் கொடுக்கவில்லை, ஒரு சொல்தான். மீதி அவர் பாடியது. இதைவிடச் சென்டன்ஸ் ஸ்டெம் உண்டா? "அடியெடுப்பு" என்று வையுங்கள். குழந்தை நடக்க அடியெடுத்து வைப்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரு கரையிலும் விளங்கும்.

காரைக்குடி கணக்கு டீச்சர்:

ஐயா, திங்கள்கிழமை "அடியெடுப்பு" என்று பலகையில் எழுதி, சேக்கிழார் கதையையும் சொன்னேன். கணக்கு வகுப்பில் கதையா என்று உற்சாகமாகக் கேட்டார்கள். புதன்கிழமைக்குள் சொல் சுருங்கிவிட்டது. வட்டத் தேற்றம் ஒன்றில் மாட்டிக்கொண்ட பையன், வராந்தா வரை கேட்கும்படி, "டீச்சர், எனக்கு ஒரு அடி குடுங்க!" என்றான். பக்கத்தில் இன்னொருவன், "எனக்கு ரெண்டு அடி!" அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வெளியே வந்துகொண்டிருந்தார். விளக்கம் சொல்லி முடிக்க அரை மணி ஆனது. முக்கோணத்தின் அடிப்பக்கம் வேறு இருக்கிறது. எனவே முன்பாதியை வெட்டிவிட்டு "எடுப்பு" என்று மாற்றினேன். "எடுப்பு குடுங்க டீச்சர்" என்பது வாயில் சுளுவாக வருகிறது, யாரும் ஓடி வருவதில்லை.

பாட்டு டீச்சரிடம் சொன்னபோது சிரித்தார். பல்லவிக்கு அதுதானாம் தமிழ். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு: பல்லவி, அனுபல்லவி, சரணம். 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வைத்த அண்ணாமலைச் செட்டியார் நம் கானாடுகாத்தான்காரர். சொல் இங்கேயே கிடந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் வரும் "ஏனெனில்", "ஆகவே", "எனில்" எல்லாம் தொடுப்பு, "எனவே நிரூபிக்கப்பட்டது" முடிப்பு என்று மூன்றையும் சேர்த்தே வைத்துவிடலாமா?

சென்னை, கல்வியியல் ஆய்வு மாணவர்:

எடுப்பு அருமை, முடிப்பும் சரி. தொடுப்பு மட்டும் வேண்டாம் டீச்சர். பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் "உன் தொடுப்பு எங்கே?" என்று கேட்டால் வகுப்பு அன்றோடு முடிந்தது. உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இல்லையா?

காரைக்குடி கணக்கு டீச்சர்:

ஐயோ, இருக்கிறது! நல்ல வேளை, பலகையில் எழுதவில்லை. பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். அவர்கள் "கொக்கி" என்கிறார்கள். "ஏனெனில் ஒரு கொக்கி, ஆகவே ஒரு கொக்கி." எடுப்பு, கொக்கி, முடிப்பு. இசையறிஞர்கள் மன்னிக்கட்டும்.

ஒன்று தீரவில்லை. தொடக்கம் மட்டும் கொடுப்பது எடுப்பு. நடுவில் இடம் விட்டு முழு வாக்கியத்தையும் கொடுக்கிறேனே, அதற்கு?

ஆத்தங்குடி, கல் பட்டறைக்காரர்:

நாங்க அச்சுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் அறைன்னுதான் சொல்றது. "அறை வாக்கியம்"னு சொன்னா வருமா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வரும் தம்பி, ஆனால் அறைதல் என்று ஒரு வினையும் தமிழில் உண்டு. டீச்சரின் தலைமையாசிரியை பாவம். எடுப்பை விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றிவிடுங்கள் அம்மா, இதற்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.