வைக்கோல் நிறைய இருக்கிறது, தீவனச் செலவு குறையவில்லை: டெல்டாவில் கறவை மாடு வளர்ப்போரிடம் ஒரு கேள்வி

கேள்வி: சிறு விவசாயி, குடவாசல் பகுதி

வணக்கம். இரண்டு ஏக்கர் நெல் சாகுபடியோடு இரண்டு கலப்பின ஜெர்சி பசுக்களை வளர்த்து வருகிறேன். பால் கூட்டுறவு சங்கத்தில் கொழுப்பில் குறை சொல்வதில்லை, எஸ்.என்.எப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைவு என்றுதான் விலையைக் குறைக்கிறார்கள். பால் பணத்தில் பெரும்பகுதி புண்ணாக்குக்கும் கடைத் தீவனத்துக்குமே போய்விடுகிறது. பசுந்தீவனத்துக்குத் தனி நிலம் ஒதுக்க வழியில்லை. வைக்கோலுக்கு மட்டும் பஞ்சமில்லை. பால் குறையாமல் செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மன்னார்குடி விவசாயி

புண்ணாக்கு, கடைத் தீவனம் போன்ற அடர்தீவனத்தைக் குறைக்காதீர்கள். வைக்கோலையே நம்பியிருக்கும் மாட்டுக்குக் கொழுப்பு ஓரளவு நிற்கும். ஆனால் மாவுச்சத்தும் புரதமும் போதாதபோது எஸ்.என்.எப். இறங்கிவிடும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுக் கணக்கு. நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையை விட்டுவிட வேண்டாம். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செலவு குறைய வேண்டிய இடம் வைக்கோல்தான். சம்பா அறுவடைக்குப் பின் நன்கு காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து அழுத்தி, காற்றுப் புகாதபடி தார்ப்பாயால் மூடி 21 நாட்கள் விட்டால், மாடு விரும்பித் தின்னும் அளவுக்கு மென்மையாகி, புரதமும் கூடிவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து, அமோனியா நெடி போகும்வரை காற்றாட விரித்துவிட்டு, முதல் வாரத்தில் சாதா வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியா கரைசல் நஞ்சு. கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

பசுந்தீவனத்துக்குத் தனி நிலம் தேவையில்லை. கொட்டகை கழுவிய நீர் பாயும் கொல்லை மூலையில், தண்ணீர் தேங்காத மேட்டில் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணைகளை நட்டால், முதல் அறுவடைக்குப் பின் ஏறத்தாழ 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். வேலியோரத்தில் அகத்தியும் கிளைரிசிடியா என்ற தீவன மரமும் போதும். தை, மாசியில் நெல் தரிசில் விளையும் உளுந்தை அடித்த பின் மிஞ்சும் காய்ந்த கொடியை எரிக்காமல் சேர்த்து வையுங்கள். வைக்கோலைவிடப் புரதம் மிக்கது, நம் ஊரில் அதற்கு மதிப்பில்லாமல் போனது வருத்தம்தான்.

மறுமொழி: திருத்துறைப்பூண்டி வாசகர்

கலப்பினத்தை விட்டு உம்பளச்சேரி நாட்டு மாட்டுக்கு மாறினால் தீவனச் செலவே இருக்காது.

மறுமொழி: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், தஞ்சாவூர்

உம்பளச்சேரி சேற்று வயலில் உழுவதற்குப் பேர் போன இனம். நாளுக்கு இரண்டு லிட்டர் அளவில் கறக்கும் மாட்டை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைக்க முடியாது.

மன்னார்குடி நண்பர் கூறியவை சரியே. ஆனால் தீவனத்தை மாற்றும் முன் இரண்டைச் சோதித்துவிட வேண்டும். முதலாவது தட்டைப்புழு. வாய்க்காலிலும் வயலிலும் உள்ள நத்தைகள் வழியாகப் பரவி, நீரோரப் புல்லில் ஒட்டியிருந்து மாட்டுக்குள் போகும் இப்புழு இருந்தால், நீங்கள் போடும் புண்ணாக்கில் ஒரு பங்கு அதற்குத்தான். மெலிவும் கழிச்சலும் தாடையின் கீழ் வீக்கமும் கண்டால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். குடற்புழு மருந்துகளில் சில மட்டுமே தட்டைப்புழுவைக் கொல்லும். சில மருந்துகள் கறவை மாட்டுக்கும், வேறு சில இளஞ்சினை மாட்டுக்கும் ஆகாதவை. ஆகவே கடையில் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டாம். கரைப்புல்லை நீர்மட்டத்துக்கு மேலே அறுங்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்களைத் தடுக்காதீர்கள். வாத்துகள் நத்தைகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காமல், பால் திரியாமல் இருக்கும்போதே எஸ்.என்.எப். குறையும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சம அளவு கரைசலோடு கலந்து பாருங்கள். கூழ்போல் கெட்டியானால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. கறந்தவுடன் காம்புத் துளை திறந்தே இருக்கும் என்பதால், மாடு அரை மணி நேரம் படுக்காதபடி அப்போது தீவனம் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்தே வருகிறது. அதையும் யூரியா கொண்டு பதப்படுத்தலாமா?

மறுமொழி: மன்னார்குடி விவசாயி

ஈரமாக மட்டும் இருந்தால், தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உடனே செய்யலாம். யூரியாவிலிருந்து வரும் அமோனியா பூஞ்சணத்தையும் கட்டுப்படுத்தும். கறுத்துப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலை எந்தப் பதமும் மீட்காது. அதைத் தொடர்ந்து தின்னும் மாடுகளுக்கு வால்நுனி, காது, குளம்பு ஆகியவை அழுகும் நோய் வருவதுண்டு. அதை எருக்குழியில் போட்டுவிடுங்கள்.