4,500 கிலோகலோரியா? எந்தக் கட்டைக்கு?

கொதிகலன்காரன்: யூகலிப்டஸ், சவுக்கு, சூபாபுல் என்று எதை நட்டாலும் ஐந்து வருஷத்தில் வெட்டி எரிக்கலாம், கிலோவுக்கு 4,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும், நிலக்கரியே வேண்டாம் என்று பசுந்தழை எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 105 டிகிரியில் வைத்து, இனி எடை குறையாது என்கிற வரை உலர்த்திய கட்டைக்குத்தான் அந்த 4,500. வெட்டிய அன்று எடையில் பாதி தண்ணீர், அதை எரித்தால் 2,000 தேறினாலே பெரிது. பச்சைக் கட்டையை அடுப்புக்குள் தள்ளும்போது வெட்டுமுனையில் நுரை பொங்கிச் சீறுமே, அதை ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா?

பசுந்தழை: பச்சையாக எரிக்க நான் எங்கே சொன்னேன்? சில மாதம் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் ஈரம் 25 சதவீதத்துக்கு இறங்கும். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், நிலக்கரி துளிர்க்குமா?

நாற்றங்கால்: யூகலிப்டஸ் துளிர்க்கும், சூபாபுல் துளிர்க்கும். சாதாரணச் சவுக்கு ஒழுங்காகத் துளிர்க்காது, மறுபடி நடத்தான் வேண்டும். நாற்று வளர்க்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பசுந்தழை: சவுக்கு வேர் வழியாக மண்ணில் நைட்ரஜன் சத்து சேர்க்கிற மரம், அதையும் சொல்லுங்கள். குறை மட்டும்தான் கண்ணில் படுமா?

கொதிகலன்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். 25 சதவீத ஈரத்திலும் சுமார் 3,200தான். மீதி 1,300 எங்கே போனது?

அளவுகோல்: ஈரத்தைத் தண்ணீரும் சேர்ந்த மொத்த எடையில் கணக்கிடுகிறீர்களா, தண்ணீர் போன உலர் எடையிலா? மொத்த எடையில் 50 சதவீதம் என்பது உலர் எடைக் கணக்கில் 100 சதவீதம். முதலில் அதைச் சொல்லிவிட்டு...

கொதிகலன்காரன்: பாடம் வேண்டாம் ஐயா. எடைபோட்டுப் பணம் கொடுக்கிறவனுக்குத் தெரியும், அவன் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

சாம்பல்: பட்டையோடு எரித்தால் சாம்பல் கூடும், கட்டிதட்டும். பட்டையும் இலையும் நிலத்திலேயே கிடக்கட்டும், மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் வளர்வதைவிட அதிகமாக வெட்டினால் அதைப் புதுப்பிக்கத்தக்கது என்றே சொல்லக்கூடாது.

பசுந்தழை: போன மாதம் சாண எரிவாயு விவாதத்திலும் இதே ஆட்கள்தான் என்னை மடக்க வந்தீர்கள்.

நாற்றங்கால்: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் தப்பாகத்தான் எழுதினீர்கள்.

பசுந்தழை: தப்பு என்று நிரூபிக்கவே இல்லையே! உலர்ந்த மரம் 4,500. எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

கொதிகலன்காரன்: "உலர்ந்த" என்ற சொல் உங்கள் முதல் பதிவில் இல்லை. மறுபடியும் கேட்கிறேன், எந்தக் கட்டைக்கு?